கை விட்டால் நிற்க வேண்டும்: பழைய தோட்ட மெஷின்களுக்குப் பாதுகாப்புச் சுவிட்ச்

பாதுகாப்புச் சுவிட்ச் என்பது, மெஷினை இயக்குபவர் பிடியை விட்டாலோ, சறுக்கி விழுந்தாலோ, விலகிப் போனாலோ, அவர் வேறு எதுவும் செய்யாமலே எஞ்சினை நிறுத்திவிடும் ஏற்பாடு. புதிதாக விற்பனைக்கு வரும் தள்ளு புல்வெட்டிகள், கை உழவு இயந்திரங்கள் பலவற்றில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. பழைய மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது எஞ்சினோடு ஒட்டிய ஒரு சிறிய ஓஃப் சுவிட்ச் மட்டுமே. பலவற்றில் அதுவும் உடைந்து போயிருக்கும். சோக்கை மூடியோ, எண்ணெய்க் குழாயை அடைத்தோ, பிளக் மூடியைக் கையால் பிடுங்கியோ நிறுத்தும் பழக்கம் அப்படித்தான் வந்தது. இந்த மூன்றுக்கும் மெஷினிடம் போய்க் குனிய வேண்டும். கால் சறுக்கியவருக்கு அந்த நேரம் கிடைக்காது.

இலங்கையின் ஊவா மாகாணத்தில் இந்த விஷயம் அவசரமானது. பதுளையிலிருந்து நமுனுகுலை மலையை நோக்கி ஏறும் ஸ்பிரிங்வெளி, அதைச் சுற்றியுள்ள தெமோதரை, பசறை, மடுல்சீமைத் தோட்டங்கள் எல்லாமே சரிவில் அமைந்தவை. அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும் மழைக்காலத்தில் மண் வழுக்கும். களையும் அதே காலத்தில்தான் வேகமாக முளைக்கும். களையெடுப்பு மெஷினுக்கு மாறியதற்கு ஆள் பற்றாக்குறையோடு சட்ட மாற்றங்களும் காரணம். 2015இல் கிளைபோசேட் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயன உரம், பூச்சிகொல்லி, களைகொல்லி இறக்குமதி சில மாதங்களுக்கு நின்றது. அடுத்த ஆண்டே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பழைய மெஷினைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவது பலருக்கு முடியாத காரியம். இருக்கும் மெஷினைப் பாதுகாப்பானதாக்குவதுதான் நடக்கக்கூடிய வழி.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் 1982 ஜூன் 30க்குப் பிறகு தயாரிக்கப்படும் தள்ளு புல்வெட்டிகளுக்கு ஒரு விதி கட்டாயமானது: இயக்குபவர் பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும். பிடியோடு சேர்த்து அமுக்க வேண்டிய அந்த வளைந்த கம்பி உலகமெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். நமக்குப் பக்கத்தில், கதிரடிக்கும் மெஷின்களில் விவசாயிகள் கைகளை இழந்துகொண்டிருந்த நிலையில், இந்தியா 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குபடுத்தல் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. விபத்து நடக்கும் கணத்தில் மனிதர் யோசித்துச் சரியானதைச் செய்வார் என்று நம்பி மெஷினை அமைக்கக் கூடாது. அவர் எதுவும் செய்ய முடியாமல் போனாலும் மெஷின் நிற்க வேண்டும்.

முதலில் எஞ்சினை இனங்காண வேண்டும்

எல்லா மெஷினுக்கும் ஒரே சுவிட்ச் பொருந்தாது. ஒரு வகைக்குச் சரியான இணைப்பு இன்னொரு வகையைப் பழுதாக்கும், அல்லது நிற்கவிடாமல் செய்யும். தோட்டத்திலும் காய்கறி நிலத்திலும் காணப்படுபவை நான்கு வகை.

முதலாவது, பேட்டரி இல்லாமல் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பெற்றோல் எஞ்சின். புல் வெட்டும் மெஷின், தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், செயின்சோ, பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் வாட்டர் பம்ப் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் மின்பொறியைத் தருவது மேக்னெட்டோ.

இரண்டாவது, பேட்டரியிலிருந்து கொயிலுக்கு மின்சாரம் போகும் பெற்றோல் எஞ்சின். மிகப் பழைய சில மெஷின்களில் மட்டும் காணலாம். மூன்றாவது, லேண்ட் மாஸ்டர் என்று அழைக்கப்படும் கை உழவு இயந்திரத்தில் உள்ள ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். நான்காவது, 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் மோட்டர்: தண்ணீர் மோட்டர், மாட்டுக்குப் புல் நறுக்கும் மெஷின் போன்றவை.

மேக்னெட்டோ எப்படி நிற்கிறது

எஞ்சினின் பறக்கும் சக்கரத்தில் ஒரு காந்தம் பதிக்கப்பட்டிருக்கும். அது சுற்றும்போது பக்கத்தில் இருக்கும் கொயிலைக் கடந்து போகிறது. கொயிலின் முதல் சுற்றில் மின்னோட்டம் பிறக்கிறது. பழைய எஞ்சின்களில் பொயின்ட்ஸ் சரியான நேரத்தில் திறந்து அந்த ஓட்டத்தைத் துண்டிக்கும்; பிந்தியவற்றில் மின்னணுப் பாகம் அதைச் செய்கிறது. துண்டித்த மறுகணமே இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறி பாய்கிறது.

இதை நிறுத்த வழி எளிது. முதல் சுற்றிலிருந்து வரும் மெல்லிய வயரை எஞ்சின் உடலோடு தொடவிட்டால், அதாவது எர்த் செய்தால், துண்டிப்பு நடக்காது; பொறியும் வராது. அந்தக் காலத்துச் சில எஞ்சின்களில் பிளக் தலைமேல் வளைந்து நிற்கும் ஒரு தகரத் துண்டு இருந்தது. அதை அமுக்கினால் எஞ்சின் நிற்கும். அதுவும் எர்த் செய்யும் வேலையைத்தான் செய்தது.

சுவிட்ச் மூடியிருந்தால் எஞ்சின் நிற்கும், திறந்திருந்தால் ஓடும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வீட்டு பல்புக்கு இது நேர்மாறு. வயரிங் தெரிந்தவர்கள்கூடத் தவறுவது இந்த இடத்தில்தான். இன்னொன்று: மேக்னெட்டோவின் மெல்லிய வயருக்கு எந்தக் காரணத்துக்காகவும் 12 வோல்ட் பேட்டரியை இணைக்கக் கூடாது. இணைத்தால் கொயில் கருகிவிடும்.

பேட்டரிக் கொயில் எஞ்சினில் கணக்கு தலைகீழ். அங்கே கொயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்தால்தான் எஞ்சின் நிற்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சுவிட்ச் வைக்க வேண்டுமென்றால், பேட்டரி வகையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்க வேண்டும். மேக்னெட்டோ வகையில் எல்லாம் பக்க இணைப்பாக, எது மூடினாலும் எர்த் ஆகும்படி இருக்க வேண்டும். ஹொண்டா ஜி.எக்ஸ். வகை எஞ்சின்களில் எஞ்சின் ஒயில் குறைந்தால் தானாக நிற்கும் வசதி உண்டு. எஞ்சினுக்குள் ஒயில் நிற்கும் அடிப்பகுதியில் உள்ள அந்தச் சுவிட்ச் இதே மெல்லிய வயரைத்தான் எர்த் செய்கிறது. புதிய சுவிட்சையும் அதே வயரில் பக்க இணைப்பாகச் சேர்க்கலாம்.

எந்தச் சுவிட்ச்

மூன்று வகை பயன்படும். முதலாவது, சிவப்புக் காளான் தலை கொண்ட அவசர நிறுத்து பட்டன். மஞ்சள் பின்னணியில் சிவப்புத் தலை என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அடையாளம். அமுக்கினால் அப்படியே பூட்டிக்கொள்ளும். திருப்பி விடுவித்தால்தான் மீண்டும் ஓடும். நின்ற இடத்தில் ஓடும் பம்புக்கும் புல் நறுக்கும் மெஷினுக்கும் இது ஏற்றது.

இரண்டாவது, கயிற்றுச் சுவிட்ச். மணிக்கட்டிலோ இடுப்புப் பட்டியிலோ கட்டிய கயிற்றின் முனையில் ஒரு கிளிப். அது சுவிட்சில் செருகியிருக்கும்வரை எஞ்சின் ஓடும். ஆள் விழுந்து கிளிப் கழன்றால் நிற்கும். மீன்பிடிப் படகுகளின் அவுட்போர்ட் மோட்டர்களில் இருப்பது இதுதான். சரிவில் நடந்து இயக்கும் மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு.

மூன்றாவது, பிடித்திருந்தால் மட்டும் ஓடும் கைநெம்பு. நெம்பை அமுக்கியிருக்கும்போது தொடுப்பு திறந்திருக்கும். விட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். கையால் தள்ளும் புல்வெட்டிக்கும் சிறிய பெற்றோல் உழவு மெஷினுக்கும் இது சிறந்தது.

மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பிரேக் லைட் சுவிட்சை அப்படியே நெம்போடு பொருத்துவது தவறாகப் போகக்கூடும். நெம்பை இழுத்தால் மூடும்படி அது அமைந்திருக்கும். இங்கே தேவையானது விட்டால் மூடுவது. கயிற்றுச் சுவிட்சிலும் மேக்னெட்டோவுக்கான வகை, பேட்டரிக்கான வகை என இரண்டு உண்டு. எந்தச் சுவிட்சையும் மீற்றரால் பார்த்த பிறகே வாங்கவோ பொருத்தவோ வேண்டும். எஞ்சின் ஓடும்போது மெல்லிய வயரில் சில நூறு வோல்ட் வரை துடிப்பு எழும். ஆகவே நல்ல காப்புடைய, மழை புகாத சுவிட்சாக இருப்பது அவசியம்.

பொருத்தும் முறை

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பிளக் மூடியைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி தள்ளி ஒதுக்க வேண்டும். எண்ணெய்க் குழாயை மூட வேண்டும். கத்தி, உழவுக் கொத்து போன்றவற்றைக் கழற்ற முடிந்தால் கழற்றுவது நல்லது.

கொயிலிலிருந்து இரண்டு வயர்கள் வெளியே வரும். தடித்தது பிளக்குக்குப் போகிறது; அதைத் தொடவோ வெட்டவோ கூடாது. மெல்லியதுதான் நிறுத்தும் வயர். பழைய சுவிட்ச் வேலை செய்தால் அதை அப்படியே விட்டு, புதியதைப் பக்கத்தில் சேர்க்கலாம். நிறுத்த இரண்டு வழி இருப்பது எப்போதும் நல்லது.

வயர் இரட்டைக் கோராக இருக்கட்டும். ஒன்று மெல்லிய வயரிலிருந்து சுவிட்சுக்கு. மற்றது சுவிட்சிலிருந்து எஞ்சின் உடலில் உள்ள ஒரு போல்ட்டுக்கு. கைப்பிடிக் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தும் பழக்கத்தை விட வேண்டும். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும், பெயின்ட் இருக்கும், துரு இருக்கும். இன்று தொடும் எர்த் அடுத்த மழைக்குப் பிறகு தொடாமல் போகலாம். எஞ்சின் போல்ட்டின் கீழ் பெயின்டைச் சுரண்டி, வளைய முனையை வைத்து, பல் வொஷர் போட்டு இறுக்க வேண்டும்.

மின்னோட்டம் மிகச் சிறியதுதான் என்றாலும் அதிர்வைத் தாங்க 0.75 முதல் 1 சதுர மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள, பல இழை வயர் தேவை. சைலென்சரிலிருந்தும் சுழலும் பாகங்களிலிருந்தும் விலக்கி, கைப்பிடியோடு நெருக்கமாகக் கட்ட வேண்டும். கைப்பிடி மடியும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். வயர் சுவிட்சுக்குக் கீழிருந்து ஏறட்டும். மேலிருந்து வந்தால் மழைத்தண்ணீர் வயர் வழியே உள்ளே இறங்கும். ஈரம் புகுந்த சுவிட்ச் இரண்டு விதமாகக் கெடும். அரைகுறையாக எர்த் ஆனால் பொறி பலவீனமாகி எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. தொடுப்பில் பச்சை பிடித்தால் நிறுத்த வேண்டிய நேரத்தில் நிற்காது. முதலாவது தொல்லை. இரண்டாவது ஆபத்து.

மீற்றரால் சோதிக்கும்போது மெல்லிய வயரைக் கொயிலிலிருந்து கழற்றியே பார்க்க வேண்டும். கொயிலின் முதல் சுற்று ஏற்கெனவே எஞ்சின் உடலோடு இணைந்தது. அதன் தடை மிகக் குறைவு. கழற்றாமல் பார்த்தால், சுவிட்ச் திறந்திருந்தாலும் மீற்றர் மூடியிருப்பதாகவே காட்டக்கூடும். கழற்றிய நிலையில், நெம்பை விட்டால் பூச்சியத்துக்கு அருகிலும், அமுக்கினால் முழுத் திறப்பும் காட்ட வேண்டும்.

மெஷினுக்கு மெஷின் கவனிக்க வேண்டியவை

தோளில் மாட்டும் புல் வெட்டும் மெஷினில் எக்ஸிலேட்டரை விட்டதும் எஞ்சின் வேகம் குறைந்து, கிளட்ச் விலகி, கத்தி நிற்க வேண்டும். நிற்காமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் ஸ்பிரிங் தேய்ந்திருக்கும், அல்லது ஐட்லிங் கூடியிருக்கும். முதலில் அதைத் திருத்த வேண்டும். அதற்குப் பிறகு, கைப்பிடியில் பெருவிரல் எட்டும் இடத்தில் நிறுத்தும் சுவிட்சும், ஒரே இழுப்பில் கழலும் தோள்பட்டியும் வேண்டும். சுவிட்ச் இருந்தாலும், தெறிக்கும் கல்லை அது தடுக்காது. பக்கத்தில் நிற்பவர்கள் 15 மீற்றருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் சொல்வது அதற்காகத்தான்.

இருவர் பிடிக்கும் கொழுந்து வெட்டும் மெஷினில் எஞ்சின் ஒருவர் பக்கம் இருக்கும். மற்றவர் செடி வரிசையின் அந்தப் பக்கத்தில் நிற்பார். கத்தி இருவருக்கும் நடுவே ஓடுகிறது. சறுக்கி விழக்கூடியவர் இருவரில் யாராகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு பிடியிலும் ஒவ்வொரு சுவிட்ச் வேண்டும். மேக்னெட்டோவில் பக்க இணைப்பு என்பதால் இது சுலபம்: அதே இரட்டை வயரை அந்தப் பக்கம்வரை நீட்டினால் போதும். எஞ்சின் இல்லாத பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கும் கைக்கும் அதே மதிப்புத்தான்.

வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பக்கத்து உருளைக்கிழங்கு, மரக்கறி நிலங்களில் ஓடும் டீசல் லேண்ட் மாஸ்டரில் பொறியே கிடையாது. காற்று அழுத்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. அங்கே வயரை எர்த் செய்து பயனில்லை. டீசல் போவதை நிறுத்த வேண்டும். டீசல் பம்பில் உள்ள நிறுத்தும் நெம்பை ஒரு ஸ்பிரிங் எப்போதும் 'நிறுத்து' பக்கம் இழுக்கும்படி செய்து, கைப்பிடி நெம்பிலிருந்து வரும் கேபிள் அதை 'ஓடு' பக்கம் பிடித்து வைக்கும்படி அமைக்கலாம். கையை விட்டாலும் நிற்கும், கேபிள் அறுந்தாலும் நிற்கும். இதைப் பழக்கமுள்ள கராஜ் பாஸ் ஒருவரிடம் செய்துகொள்வது நல்லது. எஞ்சின் வேகத்தைச் சீராக்கும் கவர்னரின் வேலையை ஸ்பிரிங் குழப்பக் கூடாது. சுழலும் கொத்து பூட்டியிருக்கும்போது பின்னோக்கி எடுப்பதுதான் இந்த மெஷினில் மிக ஆபத்தான வேலை. இயக்குபவர் வரப்புக்கும் கொத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வார். ரிவர்ஸ் போடும்போது கொத்து சுற்றாதபடி பூட்டும் வசதி இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்டி பூட்டி ரோட்டில் ஓடும் லேண்ட் மாஸ்டருக்கு இந்தச் சுவிட்சை நம்பி இறங்கக் கூடாது. எஞ்சின் நின்றால் கொத்து நிற்கும். இறக்கத்தில் வண்டி நிற்பதற்குப் பிரேக்கும் சக்கரத்துக்குக் கட்டையும் வேண்டும்.

மின்சாரப் புல் நறுக்கும் மெஷினில் இரண்டு ஏற்பாடு தேவை. ஒன்று, புல்லை உள்ளே தள்ளும் இடத்தில் இடுப்பாலோ தொடையாலோ அழுத்தக்கூடிய நிறுத்துக் கம்பி. கை இழுபடும்போது மற்றக் கை எட்டாமல் போகலாம். மற்றது, மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பியதும் மெஷின் தானாக ஓடாதபடி தடுக்கும் ஸ்டார்ட்டர். கொன்டெக்டர் என்னும் மின்காந்தச் சுவிட்ச் உள்ள ஸ்டார்ட்டரில் மின்சாரம் போனதும் அது விலகிவிடும். பச்சைப் பட்டனை மறுபடி அமுக்கினால்தான் ஓடும். நிறுத்தும் பட்டனின் தொடுப்பு அந்தக் கொன்டெக்டர் கொயிலோடு தொடராக இருக்கும். வயர் அறுந்தாலும் மோட்டர் நின்றுவிடும். இந்த வேலை தகுதியுள்ள மின்னியலாளருடையது. எர்த் கம்பியும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் வெட்டவெளியில் மின்மோட்டர் ஓட்டக் கூடாது.

தினச் சோதனை ஏன் கட்டாயம்

மின்மோட்டரிலும், மேலே சொன்னபடி அமைத்த டீசலிலும், இணைப்பு அறுந்தால் மெஷின் நிற்கும். மேக்னெட்டோ அப்படியல்ல. நிறுத்தும் வயர் அறுந்தால் எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்ச் செத்துப்போனது அமுக்கும்வரை தெரியாது. இந்தக் குறையைக் கம்பியால் முழுமையாகத் தீர்க்க முடியாது. சோதனையால்தான் தீர்க்க முடியும்.

ஒவ்வொரு நாளும் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும், வேலை தொடங்கும் முன், ஐட்லிங்கில் ஒரு தரமும் வேகத்தில் ஒரு தரமும் நெம்பை விட்டோ கிளிப்பைக் கழற்றியோ பார்க்க வேண்டும். பொறி உடனே நிற்க வேண்டும்; சக்கரத்தின் வேகம் அடங்கிக் கத்தி சில விநாடிகளில் ஓய வேண்டும். பொறி நின்ற பிறகும் எஞ்சின் திணறியபடி ஓடினால், உள்ளே கரி சேர்ந்து சூடேறிப் பற்றுகிறது என்று அர்த்தம். எண்ணெய்க் குழாயை மூடி நிறுத்திவிட்டுக் கரியைச் சுத்தம் செய்ய வேண்டும். சோதனையில் தவறிய மெஷின் அன்றைக்கு மலைக்குப் போகக் கூடாது.

சுவிட்சைக் கட்டிவைக்கும் பழக்கம்

கை வலிக்கிறது என்று நெம்பை ரப்பர் பட்டியால் கட்டிவிடுவதும், கயிற்றுக் கிளிப்பை மெஷினிலேயே செருகி விட்டுவிடுவதும் எங்கும் நடக்கும். கட்டிய சுவிட்ச் இல்லாத சுவிட்சைவிட மோசம். பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையை மட்டும் கொடுக்கும். திட்டுவதைவிடக் காரணத்தைத் தேடுவது பலன் தரும். நெம்பு கடினமாக இருந்தால் இளகிய ஸ்பிரிங் போட வேண்டும். கயிறு குட்டையாக இருந்து அடிக்கடி கழன்றால் நீட்ட வேண்டும். வேலை நிறைக் கணக்கில் போவதால் அவசரம் என்றால், நின்று ஸ்டார்ட் செய்யும் நேரத்தையும் கணக்கில் சேர்ப்பது வெளிக்கள உத்தியோகத்தரின் பொறுப்பு. மெஷினைப் பிடிப்பவரே சுவிட்சின் இடத்தைத் தெரிவு செய்தால் கட்டிவைக்கும் எண்ணம் வருவது குறையும்.

சட்டமும் பொறுப்பும்

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு அமைக்கச் சொல்கிறது. அதன் கண் முக்கியமாகத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள்தான்; மலைச்சரிவில் ஓடும் மெஷினைப் பார்க்க வேண்டியவர் அதைக் கொடுத்தவரே. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு தரும் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். ஆனால் நட்டஈடு விரலைத் திருப்பித் தராது. விபத்து நடந்தால் 1990 அம்புலன்ஸுக்கு உடனே அழைக்க வேண்டும். மேல் மலைகளிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு வளைவுப் பாதையில் இறங்க நேரமெடுக்கும் என்பதால், இரத்தத்தை அழுத்தி நிறுத்தத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மெஷின் கூட்டத்திலும் இருப்பது நல்லது.

எப்போது சுவிட்ச் போடாமல் விட வேண்டும்

கத்திக் காப்பு இல்லாத மெஷின், உடல் வெடித்த கியர்ப் பெட்டி, எண்ணெய் ஒழுகும் தொட்டி, கிளட்ச் விலகாத மெஷின் ஆகியவற்றுக்கு முதலில் அந்தப் பழுதைத் திருத்த வேண்டும். சுவிட்ச் காப்புக்கு மாற்றாகாது. கத்தி நிற்க எடுக்கும் ஓரிரு விநாடியில் காலைக் காப்பது அந்தத் தகடுதான். திருத்த முடியாது என்றால் அந்த மெஷினைக் கழித்துவிட வேண்டும். திருத்திய மெஷினுக்குச் சுவிட்ச் பொருத்திய தேதியையும், எப்படி நிறுத்துவது என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கைப்பிடியில் ஒட்ட வேண்டும். அடுத்த முறை அதைக் கையில் எடுப்பவர் வேறு ஒருவராக இருக்கலாம். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.